வெள்ளை யானையும் வெள்ளானையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டால், இலக்கணத்திலேனும் சமயத்திலேனும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வதே தமிழாசிரியன் ஒருவனுக்கு இயல்பு. யானோ ஓர் ஆங்கில மரபுத்தொடரை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணமாயிருந்தவன் ஒரு மாணவன். அவனுக்கு நேர்ந்த இடரில் எனக்கும் ஒரு பங்கு உண்டாதலின் அதனை முதலிற் கூறிவிடுதல் முறையாகும்.

சில ஆண்டுகளின் முன் வன்னியிற் பிறிதொரு பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். அப்பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர், இலண்டன் மாநகரில் நெடுங்காலம் வாழ்ந்தவர், தம் நண்பர் சிலரோடு சேர்ந்து பாடசாலைக்குப் பேருந்து ஒன்று வாங்கிக் கொடுத்தார். புதியதன்று, ஆயினும் வெள்ளை வண்ணந் தீட்டி, மாலை சூட்டி, சந்தனம் இட்டு அது வாயிலில் வந்து நின்றபோது பிள்ளைகள் செய்த ஆரவாரம் இன்றும் என் செவியில் உள்ளது. நாள்தோறும் ஐந்து, ஆறு மைல் குளக்கட்டாலும் வயல்வரம்பாலும் நடந்துவந்த பிள்ளைகள் அவர்கள்.

நன்றியுரை கூறும்படி உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனைப் பணித்திருந்தோம். பெரியபுராணத்தை விரும்பிக் கற்றவன் அவன். உரையை எழுதி முன்னரே என்னிடங் கொண்டுவந்து காட்டினான். சுந்தரமூர்த்தி நாயனாரை அழைத்துச் செல்லத் திருக்கயிலையினின்று வெள்ளை யானை வந்தவாறு போலத் தங்களை அழைத்துச் செல்ல இவ்வூர்தி வந்தது என்பது அதன் சாரம். யான் சந்திப்பிழை இரண்டினைத் திருத்தி, உவமை நன்று என்று ஓரத்தில் எழுதியுங் கொடுத்தேன்.

மேடையில் ஏறிய பிள்ளைக்கு நடுக்கம் வந்துவிட்டது. சுந்தரர் மறைந்தார்; கயிலையும் மறைந்தது. எஞ்சி நின்றது ஒரே வாக்கியம்: “ஐயா, தாங்கள் எங்களுக்குத் தந்திருப்பது ஒரு வெள்ளை யானை.” பின்வரிசையில் இருந்த தாய்மார் கைதட்டினர். முன்வரிசையில் ஆங்கிலம் அறிந்தோர் சிலர் வாய்விட்டு நகைத்தனர். கொடையாளரின் முகம் வாடியது. கூட்டம் முடிந்தபின் அப்பிள்ளை என்னிடம் வந்து, “நான் என்ன சேர் பிழையாச் சொன்னனான்?” என்று கேட்டான். அப்பொழுது யான் அளித்த விடை அரைகுறையானது. முழு விடையை இம்மலரில் எழுதுகின்றேன்.

ஆங்கிலப் பேச்சு வழக்கில் ஒரு பொருளை ‘வெள்ளை யானை’ என்றால் அது புகழுரையன்று. வைத்துப் பேணுவதற்குப் பெருஞ்செலவு தருவதாய், அச்செலவுக்கு ஏற்ற பயன் தாராததாய், விட்டொழிக்கவும் எளிதில் இயலாததாய் உள்ள உடைமையையே அத்தொடர் குறிக்கும். ஆளில்லாத மாளிகை, கப்பல் வாராத துறைமுகம், ஓட்டமில்லாத புகையிரதப் பாதை ஆகியன அங்ஙனம் பெயர் பெறும். இன்னும் எளிய வழக்கும் ஒன்று உண்டு. இங்கிலாந்திலே தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் நிதி திரட்டும் பொருட்டு நடத்தும் சந்தைகளில், வீட்டில் வேண்டாதனவாய்க் கிடக்கும் பூச்சாடி, விளக்கு, சித்திரம் முதலியவற்றை விற்கும் மூலைக்கு ‘வெள்ளை யானைக் கடை’ என்று பெயர். அமெரிக்காவிலோ நத்தார்க் காலத்தில் ஒருவர்க்கொருவர் பயனற்ற பொருள்களைப் பொதிந்து கொடுத்து நகைத்து மகிழ்வதற்கும் அதுவே பெயர். எனவே கடுஞ்சொல்லாகவும் வரும், விளையாட்டுச் சொல்லாகவும் வரும். ஆயினும் கொடுத்தவரின் முகத்துக்கு எதிரே கூறத்தக்க சொல்லன்று.

இத்தொடரின் பிறப்பைப் பற்றி அகராதிகளும் பள்ளிப் புத்தகங்களும் வழிவழியாகச் சொல்லிவருங் கதை ஒன்றுண்டு. சீயத்து அரசன் தன் வெறுப்புக்கு ஆளான பிரதானி ஒருவனைத் தண்டிக்க விரும்பினால் வாளை எடுக்கமாட்டானாம். அவனுக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசாக அனுப்புவானாம். அரசன் பரிசு, மறுத்தல் இயலாது. புனிதமான விலங்கு, வேலை வாங்குதல் ஆகாது, விற்றலும் ஆகாது, கொல்லுதல் பெரும் பாவம். தீனி போட்டே அப்பிரதானி ஆண்டியாகி விடுவானாம். நல்ல கதை. வகுப்பிற் சொன்னால் உறங்குகின்ற பிள்ளையும் எழுந்து உட்காரும்.

ஆனால் நல்ல கதை யாவும் நடந்த கதை ஆகா. சீயத்தின் வரலாற்றை நோக்கின் இக்கதை நிற்பது அரிது. 1563ஆம் ஆண்டிலே பர்மிய வேந்தன் பயினோங் அயுத்தியாவின் அரசனிடம் இரண்டு வெள்ளை யானைகளைக் கேட்டான். அயுத்திய அரசன் மகா சக்கரபத் கொடுக்க மறுத்தான். அம்மறுப்பே போருக்குக் காரணமாயிற்று, அயுத்தியா தோற்றது. கேட்ட யானையைக் கொடாமைக்காகப் பகைவன் படையை எதிர்கொண்ட நாட்டிலே, வேண்டாதவன் ஒருவன் வீட்டு முற்றத்தில் அத்தகைய யானையைக் கட்டிவிட்டு வருவார்களா? அந்நாட்டில் வெள்ளை யானை அரசனுக்கே உரியது. காட்டிற் பிடிபட்டாலும் அரசனிடமே ஒப்படைத்தல் வேண்டும் என்பது பழைய வழக்கம். 1921இல் அது சட்டமாகவும் இயற்றப்பட்டது. 1917 வரை அந்நாட்டுக் கொடியிலே செந்நிறத்தின் நடுவே வெள்ளை யானை நின்றது. 1861இல் மோங்குட் மன்னர் ‘வெள்ளை யானை’ என்னும் பெயராலேயே ஒரு விருதினை ஏற்படுத்தினார். அது இன்றும் வழங்கப்படுகின்றது. ஆகத் தாய்லாந்து மன்னர் இன்றும் வெள்ளை யானை பரிசளிக்கின்றார் எனலாம். பெற்றவர் எவரும் அதனால் வறியராயினர் என்று கேள்விப்படவில்லை.

வெள்ளை என்னும் அடைமொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. தாய்லாந்து மொழியில் இவ்யானைக்கு வழங்குஞ் சொல் வெண்ணிறத்தைக் குறிப்பதன்று. நிறங் குன்றிய, பிறப்பிலே இயல்பு மாறிய என்னும் பொருளது. உடல் இளஞ் செந்நிறமாயும், கண் வெளிறியும், நகம் வெண்மையாயும் இருக்கும். நீராட்டினால் மேனி செம்மை காட்டும். பால்போன்ற வெண்மையை எதிர்பார்த்தவர் ஏமாறுவர். 1884இல் அங்ஙனம் ஒரு பெரிய ஏமாற்றம் நிகழ்ந்தது. அமெரிக்கக் காட்சி வணிகர் பார்ணம் என்பார் பர்மாவிலிருந்து ஒரு வெள்ளை யானையை வாங்கிக் கொண்டுபோனார். கூடிய மக்கள் கண்டது சாம்பல் நிற யானை ஒன்றை. அதன் மேல் ஆங்காங்கே செம்மை படர்ந்த புள்ளிகள் மாத்திரம் இருந்தன. அவரோடு போட்டியிட்ட மற்றொரு வணிகர் இதனினும் வல்லவர். சாதாரண யானைக்கு வெள்ளையடித்தே காட்டிவிட்டார்.

அங்ஙனமாயின் போற்றுதற்குரிய பொருள் ஆங்கிலத்தில் இகழ்தற்குரிய பொருளானது எவ்வாறு? யான் கருதுவது இது. றால்ஃப் ஃபிச் என்னும் ஆங்கில வணிகர் 1583இல் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டு 1591இல் மீண்டவர். இடையிலே 1589இல் நம் இலங்கையிலுந் தங்கிச் சென்றவர். பர்மாவின் பெகு நகரத்தில் அரசனுடைய வெள்ளை யானைகள் பொன்பூசிய இல்லங்களில் நின்று வெள்ளிப் பாத்திரங்களில் உண்ணுதலைக் கண்டு அவர் எழுதிவைத்தார். அரசனும் குடிகளும் அங்கே கண்டது தெய்விகம். வணிகன் கண்ணிற்கோ வேலை செய்யாது வெள்ளித் தட்டில் உண்ணும் ஒரு விலங்கு தென்படும். அந்த இரண்டாவது பார்வையே கடல் கடந்து சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் பெருவழக்குமாயிற்று. பிரதானியை ஆண்டியாக்கிய கதை அவ்வழக்குக்குப் பின்னர்க் கட்டிய திண்ணை போலும். சொல் கடல் கடக்கும்போது பொருள் மாறுவது புதுமையன்று. நம்முடைய கட்டுமரம் ஆங்கிலத்துக்குச் சென்று, படகைக் குறித்ததோடு அமையாது, சண்டைக்காரிக்கும் ஒரு பெயராயிற்று. நம் மீனவர் கேட்டால் என்ன சொல்வரோ!

இனி நம் வெள்ளானைக்கு வருவோம். இந்திரனுடைய ஊர்தி ஐராவதம் என்பதைப் பாலர் வகுப்புப் பிள்ளையும் அறியும். சிலப்பதிகாரக் காலத்துப் புகார் நகரிலே தேவர்களுக்குரிய கோட்டங்களின் வரிசையில் வெள்யானைக் கோட்டம் ஒன்றும் எண்ணப்படுகின்றது. யானைக்கே கோயில்! பெரியபுராணத்தை முடித்துவைக்குஞ் சருக்கத்தின் பெயர் வெள்ளானைச் சருக்கம். திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரர் அதன்மேற் சென்றதும், பிரிவாற்றாத சேரமான் பெருமாள் தம் குதிரையின் செவியில் ஐந்தெழுத்தை ஓதி உடன் சென்றதும் அதன்கண் உள்ளன. சேக்கிழார் எடுத்த பெருங்காப்பியம் ஒரு வெள்ளை யானையின் மேலேறியே முடிகின்றது. இவற்றைக் கற்று வளர்ந்த பிள்ளைக்கு அச்சொல் வேறு எப்பொருளைத் தரும்?

திருவிளையாடற் புராணத்தில் வெள்ளை யானை சாபந் தீர்ந்த கதையும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. துருவாச முனிவர் சிவபூசையில் வைத்த மலரை இந்திரனிடம் அன்போடு கொடுக்க, அவன் அதனை யானையின் தலைமேல் வைத்தான். யானையோ அதனைக் கீழே தள்ளிக் காலால் தேய்த்தது. முனிவர் சபித்தார், வெள்ளை யானை கரிய காட்டியானையாகி நூறாண்டு அலைந்து, கடம்பவனத்தை அடைந்தபின்னரே பழைய நிறம் பெற்றது. கொடையை மதியாத குற்றத்துக்கு அதற்கு அத்தண்டனை. ஆங்கிலக் கதையிலே கொடுத்தவன் வஞ்சகன். நம் கதையிலே கொடுத்தவர் முனிவர், பெற்றவர் பக்கமே பிழை. இரண்டையும் அருகருகே வைத்து மாணாக்கர் சிந்திக்கலாம்.

வன்னி மண்ணில் பிறந்தவர்களுக்கு யானையைப் பற்றி நூல் பார்த்துச் சொல்லவேண்டியதில்லை. நம் முன்னோருக்கு யானை செலவன்று, செல்வம். நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊராத்துறைக்கு அருகே மரக்கலம் உடைந்தால், யானையும் குதிரையும் கொண்டுவந்த கலமாயின் நாலில் ஒரு பங்கும், பிற சரக்குக் கலமாயின் சரிபாதியும் அரசனுக்கு என்று அது விதிக்கின்றது. யானை கொணர்வோருக்குச் சலுகை! ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னரும் வன்னியர் தலைவர்கள் திறையாகச் செலுத்தியது யானையே. அவை ஆனையிறவுக் கடலைக் கடந்து தீபகற்பத்தினுட் சென்றன. அங்கே வங்காளம், கோல்கொண்டா முதலிய நாடுகளின் வணிகர் வாங்கிக் கப்பலேற்றினர். அத்திறை நிலுவையாகிக் கிடந்தமை பற்றி 1697இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்த அதிபர் சுவாடகுறூன் தம் குறிப்பில் முறையிடுகின்றார். நம் வன்னியர் திறை கொடுப்பதில் அத்துணை விரைவு காட்டவில்லை என்பது அதனாற் புலனாகும். அதனை எண்ணி யான் வருந்துவதுமில்லை.

யானையின் செலவை நம் புலவர் அறியாதாருமல்லர். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்த புறநானூற்றுப் பாட்டின் கருத்து இது: சிறு வயலின் நெல்லையும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் போதும்; யானை தானே புகுந்து உண்ணத் தொடங்கினால் நூறு வயலும் போதா, வாயிற் புகுவதினும் காலில் அழிவது மிகும். வரி வாங்கும் முறையை அரசனுக்கு உணர்த்த வந்த உவமை அது. காலபோகத்து நெல் முற்றும் நாளில் இரவெல்லாம் பரண்மீது கண்விழித்திருந்த நம் விவசாயி, அப்பாட்டின் உரையை எந்த உரையாசிரியரிடமுங் கேட்கவேண்டியதில்லை.

அங்ஙனமாயின் ஆங்கிலத் தொடரின் பொருளைத் தமிழிற் கூற வழி யாது? சொல்லுக்குச் சொல் வைத்தால் என் மாணவன் பட்ட பாடே படவேண்டும். பொருளைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். பேணுஞ் செலவு பொருளின் பெறுமதியை விஞ்சுகின்றது என்பதே சொல்லவந்த கருத்தாயின், ‘சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்’ என்பதினும் பொருத்தமானது வேறில்லை. செலவு செய்தும் பயன் விளையவில்லை என்பதாயின், விளக்கெண்ணெய்க்குக் கேடேயன்றிப் பிள்ளை பிழைத்தபாடில்லை என்று பாட்டிமார் சொல்வர். வேண்டாத ஒன்றை மறுக்கமுடியாதவாறு பிறரிடஞ் சேர்த்தலைத் ‘தலையிற் கட்டிவிடுதல்’ என்கின்றோம். பெரிய பொருளைச் சிறியவன் பேண இயலாமை என்பதாயின், ‘ஆனையைக் கட்டித் தீனி போடுதல்’ என்னும் வழக்கு எல்லோர் வாயிலும் உள்ளது.

இக்கடைசித் தொடர் ஆங்கிலத் தொடருக்கு மிக அணித்தாய்த் தோன்றும்; ஆயினும் நுட்பமான வேறுபாடு உண்டு. ஆங்கிலத் தொடர் யானையைக் குறை கூறுகின்றது. தமிழ் வழக்கோ யானையைக் குறை கூறவில்லை. கட்டினவன் தன் வலிமையை அறியாமையையே சுட்டுகின்றது. யானை என்றும் யானைதான். இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். என் வகுப்பில் இவ்வேறுபாட்டை முதலிற் கண்டு சொன்னவள் பதினைந்து வயது நிரம்பாத ஒரு மாணவி. யான் அதற்குமுன் சிந்தித்ததில்லை.

இத்தொடரைத் தமிழில் வழங்கவே கூடாது என்று தடுக்கலாமோ எனின், அஃது இயலாது. செய்தித்தாள்கள் அதனை எழுதத் தொடங்கி நெடுநாளாயிற்று. மத்தளையிலே 2013 மார்ச்சு மாதம் திறக்கப்பட்ட பன்னாட்டு விமான நிலையத்தை உள்நாட்டுப் பத்திரிகைகளும் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் வெள்ளை யானை என்றே எழுதின. இருபது கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட செலவிற் கட்டிய நிலையத்துக்கு விமானங்கள் மிகச் சிலவே வந்தன. 2015இல் அங்குள்ள சரக்குக் களஞ்சியத்தில் நெல் சேமித்துவைத்தனர். அப்பகுதி மெய்யாகவே யானைகள் நடமாடுங் காடு. அங்கு ஓடுபாதையருகே உண்மையானை ஒன்று வந்து நின்றால், எந்த யானையைப் பற்றிப் பத்திரிகை எழுதுகின்றது என்று வாசகர் மயங்குவர்! இத்தகைய இடங்களிற் சூழலே பொருளை விளக்கிவிடும். யான் குறைகூற வரவில்லை. ஆயினும் சுருக்கமாகப் பேசுமிடத்தும், நன்றியுரையிலும், பரீட்சைக் கட்டுரையிலும் அச்சொல் இரு முகங் காட்டும். எழுதுபவர் எம்முகத்தைக் காட்டுகின்றார் என்பதை அடுத்த சொல்லிலேயே தெளிவாக்கிவிடல் வேண்டும். ‘ஐராவதம்’ என்றோ ‘வெள்ளானை’ என்றோ எழுதினால் மயக்கமில்லை. செலவைக் கூறவந்தால் மேற்காட்டிய நம் வழக்குகளுள் ஏற்றதொன்றைக் கொள்ளலாம். விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கும் ஒரு சொல்: பிள்ளை புகழ்ச்சிப் பொருளில் வெள்ளை யானை என்று எழுதியிருப்பின் சிவப்புக் கோடு இடுமுன் முந்திய வாக்கியத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பிள்ளை சேக்கிழாரிடமிருந்து வந்திருக்கக்கூடும்.

அன்று உரையைப் பார்வையிட்டவன் யான். கூட்டத்தில் இலண்டனிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள் என்பதை அறிந்திருந்தும், அச்சொல் அவர்கள் செவியில் எவ்வாறு விழும் என்பதை எண்ணிப் பாராமற் போனது என் பிழையே, பிள்ளையின் பிழையன்று. மறுநாள் அவனுடைய கையெழுத்துப் பிரதியை முழுமையாகப் படியெடுத்து, சுந்தரர் வரலாற்றையும் சுருக்கி எழுதிக் கொடையாளருக்கு அனுப்பினேன். சில வாரங்களின் பின் அவர் மறுமொழி எழுதினார். சிறுவயதில் திருமுறை கேட்டு வளர்ந்த தமக்கு அன்று அந்நினைவு வாராமற் போனதே தம்மை வருத்துவதாகவும், பிள்ளையிடந் தம் அன்பைக் கூறும்படியும் எழுதியிருந்தார். அக்கடிதத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன். அதனை இன்னும் வைத்திருக்கின்றானாம்.

பேருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகின்றேன். சாரதிக்குச் சம்பளம், டீசல், காப்புறுதி, உருளைப்பட்டை என்று செலவு வந்தது உண்மை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மாதக்கணக்கில் மருதமரத்தின் கீழே சருகு மூடி நின்றது. அந்நாளில் ஆங்கிலத் தொடரின் பொருளே மெய்யாகிவிடுமோ என்று அஞ்சினேன். பின்னர்ப் பெற்றோர் கூடி மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து அதனை மீண்டும் ஓடச் செய்தனர். வெள்ளை வண்ணம் செம்புழுதி படிந்து இப்பொழுது சீயத்து யானையின் நிறத்துக்கே வந்துவிட்டது. சென்ற தவணையில் அவ்வழியே சென்றபோது, சந்தியிற் புத்தகப்பையோடு நின்ற சிறுமி ஒருத்தி எட்டிப் பார்த்துத் தன் அண்ணனிடம், “ஆனை வந்திட்டுதோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.